மூன்று தூளியும் ஒரு முதுகும்

எம். புதுப்பட்டியில் சங்கிலிமுத்து வீட்டுக் கொடிக்கயிறு கொஞ்சம் பெயர் பெற்றது. மற்ற வீடுகளில் ஈரத்துணி விழுந்ததும் கயிறு நடுவில் இறங்கிவிடும். அவர் வீட்டில் எட்டு முழ வேட்டியை நனைத்துப் போட்டாலும் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்காது. விரலால் சுண்டினால் சத்தம் வரும். கட்டில் நாடா, மூட்டைச் சணல், பொங்கலுக்குத் தெருவில் கட்டும் தோரணம் என்று எதையும் அவர் கை தொங்க விட்டதில்லை.

அது திரி அறையில் பழகிய கை. 1990-இல், பத்தொன்பது வயதில், ஊருக்கு மேற்கே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி போடும் வேலைக்குச் சேர்ந்தார். பருத்தி நூலைக் கருமருந்துக் குழம்பில் தோய்த்து, மரச்சட்டத்தில் வரிசையாக இழுத்துக் கட்டிக் காயவைக்க வேண்டும். ஒரு நூல் தளர்ந்தால் பக்கத்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். மருந்து ஓரிடத்தில் திரளும், ஓரிடத்தில் மெலியும். அப்படிப்பட்ட திரி சில சமயம் பாதியில் அணையும். சில சமயம் பற்றவைத்தவன் கையை எடுப்பதற்குள் ஓடிவிடும். எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒரு பிள்ளையின் கையில் இருக்கப்போகிற பொருள் என்பது சங்கிலிமுத்துவுக்குத் தெரியும். அதனால் இருபத்து நான்கு வருடம் அவர் சட்டத்தில் ஒரு நூலும் தளர்ந்ததில்லை.

2014 பங்குனி ஐந்தாம் தேதி, பிற்பகல் இரண்டு இருபதுக்கு, காய்ந்த சட்டங்களை எடுத்து அடுக்கும்போது ஒன்று பற்றிக்கொண்டது. காரணம் என்னவென்று விசாரிக்க வந்தவர்கள் ஒன்று சொன்னார்கள், கூட இருந்தவர்கள் வேறொன்று சொன்னார்கள். அவரைக் கேட்டபோது, "நான் வாசலப் பாத்து ஓடிக்கிட்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். உயிர் போகவில்லை. மதுரையில் தொண்ணூற்று ஏழு நாள் ஆஸ்பத்திரி. தொடையிலிருந்து தோலை எடுத்து முதுகில் வைத்தார்கள். ஒட்டுப்போட்ட அந்தத் தோல் வேர்க்காது, நீளாது, சூடு தாங்காது.

அந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் அவர் மனைவி வேலுத்தாய் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். இவர் பிழைத்தால் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தே வருகிறோம் என்பது வேண்டுதல். அவர் பிழைத்தார். ஆனால் நடை முடியவில்லை. வலது அக்குளில் இறுகிய தழும்பு கையை வீச விடவில்லை. ஒரு மைல் போவதற்குள் முதுகு பலகையாகிவிடும். வேலுத்தாய் ஆடிதோறும் தெருக்காரர்களோடு தனியாக நடந்தாள். சங்கிலிமுத்து தெரு முக்குவரை போய் வழியனுப்பிவிட்டு வருவார். நேர்ந்ததில் பாதிதான் தீர்ந்திருக்கிறது என்று அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் திருநீற்றை அவர் நெற்றியில் பூசும்போது அவள் விரல் ஒரு கணம் கூடுதலாக நிற்கும். அது அவருக்குப் புரியும்.

2025 தை மாதம் ஆஸ்பத்திரியில் அந்தத் தழும்பை அறுத்து விட்டார்கள். சித்திரைக்குள் கை தாராளமாக வீசியது. ஆனியில், மருந்து வாங்கப் போன இடத்தில், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் எவாஞ்சலினிடம் கேட்டார்.

"இருக்கன்குடிக்கு நடக்கலாமா சிஸ்டர்?"

எவாஞ்சலின் சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகைத் தடவிப் பார்த்தார். "நாப்பது கிலோமீட்டர் இருக்குமே அண்ணாச்சி. எத்தன நாளு நடை?"

"மூணு நாளு. கருக்கல்ல நடந்து, உச்சி வெயிலுக்கு மரத்தடியில தங்கி, சாயங்காலம் மறுபடி நடப்பாக. ராத்திரிக்கு வழியில ஒரு மண்டபம், மறுநாள் ஒரு பள்ளிக்கூடம். அங்கன கட்டில் கெடைக்கும்."

"அப்ப நடக்கலாம். ஒரு கண்டிசன். உச்சியில ரெண்டு மணி நேரமாவது முதுகை நீட்டிப் படுக்கணும். தரையில படுத்தீகன்னா சூடும் கல்லும் சேந்து தோலை உரிச்சிரும். உக்காந்துக்கிட்டே கண்ணசர்றது கணக்குல சேராது."

"அதுக்குக் கட்டிலைத் தலையில தூக்கிட்டா நடக்க முடியும்?"

"அது உங்க பாடு. படுக்க வழியில்லைன்னா நடக்காதீக."

வீட்டில் வேலுத்தாய் இதைக் கேட்டுவிட்டு அதற்கு மேல் ஒரு நிபந்தனை போட்டாள். "மொத நாள் மத்தியானம் பாப்பேன். ரெண்டு மணி நேரம் படுக்கலைன்னா அங்கனயே பஸ் ஏத்தி விட்டுருவேன். முதுகு புண்ணாகி நீங்க வந்து நிக்கணும்னு ஆத்தா கேக்கல."

மகள் பிரீத்திகா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் வடிவமைப்பவள். அவள்தான் செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள். "ஹேமாக்குன்னு பேருப்பா. மலையேறப் போறவங்க ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிப் படுப்பாங்க. மடிச்சுப் பையில போட்டுக்கலாம்."

"இது தூளியில்லா?"

"தூளி பிள்ளைக்கு. இது ஆளுக்கு."

அதில் மூன்று தினுசு இருந்தது. கயிற்று வலையில் இரண்டு முனையிலும் கட்டை வைத்தது ஒன்று, மெல்லிய நைலான் ஒன்று, அகலமான பருத்தித் துணி ஒன்று. எது அப்பாவுக்குத் தோது என்று பிரீத்திகாவுக்குத் தெரியவில்லை. மூன்றையும் வரவழைத்து, வேண்டாததைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றாள். சங்கிலிமுத்து சம்மதித்தார். கம்பெனியில் இப்போது அவர் கேட்டில் உட்கார்ந்து செல்போனும் தீப்பெட்டியும் வாங்கி வைக்கிற வேலையில் இருந்ததால் ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. மூன்று ஞாயிறு, மூன்று சோதனை. கொல்லையில் பதின்மூன்று அடி இடைவெளியில் இரண்டு வேம்பு நின்றது தோதாகப் போயிற்று. வேலுத்தாய் கடிகாரத்தோடு கல்லில் உட்கார்ந்துகொள்வாள். எத்தனை நிமிடம் படுத்தார் என்பதைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே எழுதிவைப்பார்.

ஜூன் 29, முதல் ஞாயிறு, கயிற்று வலை. பார்வைக்கு மூன்றிலும் இதுதான் கட்டில் மாதிரி இருந்தது. இரண்டு முனையிலும் கட்டை இருந்ததால் வலை விரிந்து தட்டையாக நின்றது. சங்கிலிமுத்து அதைத் திரிச்சட்டம்போல இழுத்துக் கட்டி, சுண்டிப் பார்த்து, திருப்தியாக ஏறிப் படுத்தார். ஐந்தாவது நிமிடம் முடிச்சுகள் ஒவ்வொன்றும் தழும்பில் ஏறத் தொடங்கின. பதினோராவது நிமிடம் கொஞ்சம் புரண்டார். வலை அப்படியே கவிழ்ந்து அவரைக் கீழே கொட்டியது. நல்லவேளையாகக் கையை ஊன்றிக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பலவேசத்தின் தலை எட்டிப் பார்த்தது. அவரும் திரி அறையில் கூட இருந்தவர்தான். இப்போதும் அதே வேலையில் இருப்பவர். "ஏலே சங்கிலி, என்ன சத்தம்? தேங்கா விழுந்துச்சோன்னு வந்தேன்."

"வேப்பமரத்துல எங்கலே தேங்கா?"

"அதான் பாக்கேன். அம்புட்டுப் பெரிய தேங்கா!" அவர் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "அம்பத்தி நாலு வயசுல தொட்டில் கட்டியாச்சு. தாலாட்டுக்கு ஆளு சொல்லியிருக்கியா, நானே பாடவா?"

"நீ பாடுனா மரமே எந்திரிச்சுப் போயிரும்லே."

அடுத்த ஞாயிறு நைலான். எடை அறுநூறு கிராம். மடித்தால் ஒரு சொம்புக்குள் அடங்கும். வேலுத்தாய்க்கு அதன்மேல்தான் கண். மூன்று நாள் நடையில் பையில் ஒரு கிலோ குறைந்தாலும் குறைந்ததுதானே. ஆனால் அவர் இழுத்துக் கட்டி ஏறியதும் இரண்டு ஓரமும் மேலே எழுந்து மொச்சைத் தோல்போல அவரை மூடின. காற்று நின்றது; வேர்க்காத தோல் தகித்தது. அதையும் பொறுத்துக் கிடந்தார். இருபத்தைந்தாவது நிமிடம் ஒருக்களித்தபோது துணிக்கும் பனியனுக்கும் இடையில் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. பட், பட் என்று, எறும்பு கடிக்கிற அளவுக்குச் சின்னது.

சங்கிலிமுத்து எப்போது கீழே குதித்தார் என்று அவருக்கே தெரியாது. ஐந்து அடி தள்ளி நின்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பட்டாசுக் கம்பெனிக்குள் நைலான் சட்டைக்கு இடமில்லை. உரசி மின்சாரம் ஏறும் என்று சட்டையைத் தொட்டுப் பார்த்து உள்ளே விடுவதே இப்போது அவர் வேலை. மருந்து அறை வாசலில் ஒரு செம்புத்தகடு இருக்கும். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். திரி அறையை விட்டுப் பதினோரு வருடம் ஆனபிறகும் சொந்த வீட்டு நிலையில் கை வைத்துவிட்டுத்தான் அவர் உள்ளே நுழைகிறார்.

"இங்கன என்ன மருந்தா அரைக்கிற? வேப்பமரத்துக்கு நைலான் ஆகாதா?" என்றார் பலவேசம்.

"மரத்துக்கு ஆகும்லே. எனக்கு ஆகாது."

பலவேசம் சுவர் ஏறி வந்து, அவரே அவிழ்த்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது ஞாயிறு, ஜூலை 13, பருத்தித் துணி. ஏழு அடி நீளம், ஐந்து அடி அகலம், முனைக்கு ஒன்றரை அடிக்குக் கொத்தாகக் கோத்த கயிறு, அதை மரத்தில் கட்டத் தனிக் கயிறு, எடை ஒன்றே முக்கால் கிலோ. அதனுடன் ஒரு தாள் வந்திருந்தது. எப்படிக் கட்டுவது என்ற படத்தில் கயிறு இரண்டு பக்கமும் சரிந்து துணி நன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சங்கிலிமுத்து அதை மகளிடம் காட்டினார்.

"வரைஞ்சவனுக்குக் கயிறு கட்டத் தெரியல. பாரு, மழையில நனைஞ்ச தோரணம் மாதிரி தொங்குது."

"எங்க ஆபீஸ்லயும் அப்படித்தாம்ப்பா. அவசரத்துக்கு வரைஞ்சிருவாங்க," என்றாள் பிரீத்திகா. கயிறு விஷயத்தில் அப்பாவை மீறி ஒரு சொல் அந்த வீட்டில் கிடையாது.

இழுத்துக் கட்டினார். துணி தோலுக்கு இதமாக இருந்தது, காற்று உள்ளே வந்தது, முடிச்சு இல்லை, சத்தம் இல்லை. ஆனாலும் தோள் இரண்டும் நெஞ்சை நோக்கி நெருக்கின; முதுகு வாழைக்காய்போல வளைந்தது. நாற்பத்தாறு நிமிடம் தாங்கினார். இன்னும் இழுத்தால் இன்னும் நேராகும் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் மாலை கயிற்றில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கி ஏற்றினார். அன்று முப்பத்தொரு நிமிடம்தான். ஏன் குறைந்தது என்று புரியவில்லை.

பிறகு சில நாள் அந்தத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தார். பதினொன்று, இருபத்தைந்து, நாற்பத்தாறு, முப்பத்தொன்று. வேண்டியது நூற்றிருபது. வேனில் வந்து கோவிலில் இறங்கி நில்லுங்களேன், அம்மன் கோபித்துக்கொள்ளவா போகிறாள் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அவளுக்குக் கோபம் வராது என்பது அவருக்கும் தெரியும். தொண்ணூற்று ஏழு நாள் தன் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்த வேலுத்தாய் கேட்டது ஒன்றே ஒன்று, கூட நடக்க வேண்டும் என்பது. அதை வேனில் ஏறித் தீர்க்க முடியாது. வலையும் நைலானும் திரும்பிப் போயின. பருத்தி பையில் ஏறியது. மீதி எழுபத்து நாலு நிமிடத்தை நடந்த களைப்பு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்கிழமை, விடிகாலை நாலு பத்துக்குப் பலவேசம் உட்படப் பதினாலு பேர் மஞ்சள் துணியும் வேப்பிலையுமாகக் கிளம்பினார்கள். வேலுத்தாய் முன்னால் நடந்தாள். பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"முன்னால பாத்து நட. நான் எங்கயும் ஓடிர மாட்டேன்."

"ஓடுனாப் பரவால்ல. விழுந்துறக் கூடாதுன்னு பாக்கேன்."

சிவகாசியைக் கடந்து சாத்தூர் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் ஒரு வேப்பந்தோப்பு. பத்தே முக்காலுக்கு அங்கே தங்கல். சாலைக்கு அந்தப் புறம் பஸ் நிறுத்தம் கண்ணுக்கு நேராக இருந்தது. சங்கிலிமுத்துவின் முதுகு அதற்குள் இறுகத் தொடங்கிவிட்டது.

தோப்புக்குள் போனால், தோதான இரண்டு மரங்களுக்கு நடுவில் வேறொரு ஊர்க்காரர்கள் தார்ப்பாய் கட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். "சோறு கொதிக்குது அண்ணாச்சி. இப்ப எப்படி எடுக்க?" என்றார்கள். அது நியாயம்தான். ஓரமாக நின்ற மரங்களில் பலவற்றில் முள்வேலி சுற்றியிருந்தது. மிஞ்சியது ஒரே ஜோடி. சங்கிலிமுத்து பாதத்தால் அளந்தார். எட்டரை அடி. துணியும் கோத்த கயிறுமாகவே பத்து அடி.

எத்தனை சுற்றுச் சுற்றிக் கட்டினாலும் அது விறைக்கவில்லை. நெஞ்சு உயரத்தில் கட்டினார். நடுப்பகுதி மண்ணைத் தொட்டது. அவிழ்த்தார். பலவேசம் ஒரு கல்லைப் புரட்டிப் போட, சங்கிலிமுத்து அதில் ஏறித் தலைக்கு மேலே கட்டினார். அப்போதும் துணி வெறும் சாக்குபோலத் தொங்கியது.

"தள்ளிப்போயி வேற மரம் பாப்பமாலே?" என்றார் பலவேசம்.

வேலுத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். "இனி ஒரு அடி தேடி நடக்க வேண்டாம். இதுல படுத்துப் பாருங்க. முடியலையா, பஸ்சு. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீக. இம்புட்டுத் தூரம் கூட வந்ததே எனக்குப் போதும்."

போதும் என்று அவள் சொன்ன விதத்தில் போதவில்லை என்பது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக, தன் கை கட்டியதைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டே ஏறினார். துணி ஆழமாக இறங்கி அவரை வாங்கிக்கொண்டது. தோளை எதுவும் நெருக்கவில்லை. கால் ஒரு மரத்தில் இடித்ததால் கொஞ்சம் குறுக்காகத் திரும்பினார், தலை ஒரு ஓரம், கால் எதிர் ஓரம். வளைந்திருந்த முதுகு அப்போது மெல்ல நிமிர்ந்தது. ஐந்து அடி அகலம் எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது. மேலே வேப்பிலை அசைந்தது. மணி பதினொன்று ஆகிப் பன்னிரண்டு நிமிடம் என்று வேலுத்தாய் யாரிடமோ சொன்னதுவரை அவருக்கு நினைவிருக்கிறது.

மீதியைப் பலவேசம் பிறகு சொல்லித்தான் கேட்டார். பன்னிரண்டரைக்கு ஒரு வேன் வந்து நின்று அம்மன் பாட்டைச் சத்தமாக வைத்தது. வேலுத்தாய் எழுந்து போய்க் குறைக்கச் சொன்னாள்.

"சாமி பாட்டைக் குறைக்கச் சொல்றீகளே, நல்லாருக்கா?" என்றான் டிரைவர்.

"சாமியப் பாக்கத்தான்யா அவரு தூங்குதாரு," என்றாள்.

பாட்டு நின்றது. ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு இரண்டு மணி நேரம் முடிந்தபோது அவள் எழுப்பவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கல்லில் உட்கார்ந்தாள். இடையில் வந்த சிவகாசி பஸ் எதையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று பலவேசம் சாட்சி சொல்கிறார். சங்கிலிமுத்து கண் விழித்தது இரண்டு நாற்பத்தேழுக்கு.

விழித்ததும் கையை நீட்டிக் கயிற்றைச் சுண்டினார். சத்தமே வரவில்லை.

"வேலு, அந்தத் தாளு எங்க?"

"எந்தத் தாளு?"

"படம் போட்ட தாளு. வரைஞ்சவன் சரியாத்தான் வரைஞ்சிருக்கான்."

பலவேசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த வலையையும் நீ திரிய இழுத்தாப்புலதான இழுத்த? அது உன்னக் கொட்டாம என்ன செய்யும்?"

திருப்பி அனுப்பிய இரண்டையும் சங்கிலிமுத்து நினைத்துக்கொண்டார். தளர்த்திக் கட்டியிருந்தால் வலை கவிழ்ந்திருக்காதோ என்னவோ. முடிச்சு முடிச்சுதான்; அது உறுத்தத்தான் செய்திருக்கும். நைலானின் அந்தச் சத்தம் எப்படிக் கட்டினாலும் போயிருக்காது. தேர்ந்தெடுத்தது சரிதான், தப்பு கட்டியதில்தான் என்று முடிவுக்கு வந்தார்.

தெரிந்துகொண்டதைக் கை கேட்டதா என்றால், இல்லை. வியாழக்கிழமை சாத்தூரை நெருங்கியபோது பதினாலு அடி இடைவெளியில் அருமையான இரண்டு புளியமரம் கிடைத்தது. கட்டினார், விறைத்து நின்றது. அவிழ்த்துக் கட்டினார், மறுபடியும் விறைத்தது. முடிச்சுப் போடும் கடைசிக் கணத்தில் விரல் தானாக ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறது.

"கை கேக்க மாட்டேங்குது வேலு."

"எப்படிக் கேக்கும்? இருவத்தி நாலு வருசத்துப் பழக்கம்லா," என்றவள் செருப்பில்லாத காலைத் துடைத்துவிட்டு, துணியின் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இப்பக் கட்டுங்க பாப்போம். எம்புட்டு இழுப்பீக?"

அவள் பாரம் துணியை இறக்கிப் பிடித்துக்கொண்டது. அவர் முடிச்சுப் போட்டார். அவள் இறங்கியபோது கயிறு முந்தின நாள் எட்டரை அடியில் தொங்கியதுபோலவே தொங்கியது. அன்று அவர் படுத்தது மூன்று மணி நேரமும் ஐந்து நிமிடமும்.

வெள்ளிக்கிழமை விடிய ஆற்றில் குளித்துவிட்டு, கூட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இரண்டு பேரும் சன்னிதிக்கு வந்தார்கள். வேலுத்தாய் கூப்பிய கையை எடுக்காமல், அவருக்கும் கேட்கும்படி, "ரெண்டு பேரும் வந்துட்டோம் தாயே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திருநீற்றை அவர் நெற்றியில் பூசியபோது அவள் விரல் எந்த இடத்திலும் நிற்காமல் ஒரே இழுப்பாகப் போயிற்று.

வீடு திரும்பியபின் ஆகஸ்ட் 13-ஆம் தேதித் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: மரத்துக்கு மரம் எட்டரை அடி, கயிறு தளர்வு, குறுக்காகப் படுக்கவும், மூன்று மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம். அதை அந்த விளக்கத் தாளோடு சேர்த்துப் பைக்குள் வைத்தார். கொல்லை வேம்பில் அந்தத் துணி இப்போதும் ஞாயிறுதோறும் தொங்குகிறது. கட்டும்போது வேலுத்தாய் நடுவில் உட்காருகிறாள். கொடிக்கயிறு மட்டும் பழையபடி சுண்டினால் சத்தம் வரும் இறுக்கத்தில்தான் இருக்கிறது. அதில் யாரும் படுப்பதில்லையே என்கிறார் சங்கிலிமுத்து.